இப்னு பதூதாவைத் தேடி ஆளனுப்பிய உஸ்தாத்



உயர்தரம் முடித்த எங்கள் பிள்ளைகள் பலர் மேற்படிப்புக்கு வெளிநாடு போகிறார்கள். வீடுகளில் விசா, ஃபீஸ், டிக்கெட் பற்றித்தான் பேச்சு. "அங்கே காய்ச்சல் வந்தால் யாரிடம் சொல்வாய்?" என்று கேட்பவர் குறைவு. போன மாதம் என்னிடம் படித்த ஒரு பிள்ளை கோல் எடுத்தான். ஒரு கிழமையாக ஹொஸ்டல் அறையில் காய்ச்சலோடு கிடந்திருக்கிறான். உம்மா பயந்து திரும்பி வரச் சொல்வா என்று வீட்டுக்குச் சொல்லவில்லை. அதைக் கேட்டதும் எனக்கு இப்னு பதூதாவின் ஞாபகம்தான் வந்தது.

புத்தளத்தில் வந்திறங்கி, பாவாத மலை ஏறிய பெரிய பயணியாகத்தான் நாம் அவரை அறிவோம். அவரும் ஒரு காலத்தில் அந்நிய ஊரில் நோயில் விழுந்த இளைஞர்தான்.

1325 ஜூனில் மொரோக்கோவின் தான்ஜியரிலிருந்து தனியாகப் புறப்பட்டபோது அவருக்கு வயது 21. நோக்கம் ஹஜ். வழியில் ஆலிம்களிடம் ஓதவும் ஆசை. இன்றைய அல்ஜீரியாவில் உள்ள பிஜாயாவில் காய்ச்சல் பிடித்தது. சுகமாகும்வரை தங்கும்படி கூட வந்தவர் சொன்னார். இவர் கேட்கவில்லை. மௌத் வந்தாலும் ஹிஜாஸ் போகும் வழியிலேயே வரட்டும் என்றார். பிறகு பலவீனத்தில் விழுந்துவிடாமலிருக்கத் தலைப்பாகைத் துணியால் தன்னைச் சேணத்தோடு கட்டிக்கொண்டு போனார். தூனிஸ் வாசலில் ஊரார் வந்து மற்றவர்களுக்கெல்லாம் ஸலாம் சொன்னார்கள். இவரைத் தெரிந்தவர் ஒருவருமில்லை. அழுதுவிட்டார். அதைக் கவனித்த ஒரு பயணி பக்கத்தில் வந்து ஆறுதலாகப் பேசிக்கொண்டே ஊருக்குள் கூட்டிப்போனார்.

அடுத்த வருடம், 1326 ரமழானில், டமஸ்கஸ். உமையாப் பள்ளியில் ஹதீஸ் பாடம் கேட்டு இஜாஸா வாங்கிய நாட்கள். நூருத்தீன் ஸகாவி என்ற மாலிக்கி உஸ்தாத் தினமும் தன்னோடு நோன்பு திறக்க அழைத்தார். நான்கு இரவு போனார். பிறகு காய்ச்சல் வந்து நின்றுவிட்டார். உஸ்தாத் சும்மா இருக்கவில்லை, தேடி ஆளனுப்பினார். வீட்டிலேயே தங்கவைத்து, இதை உன் வாப்பாவின் வீடாக நினைத்துக்கொள் என்றார். வைத்தியரை அழைத்து, அவர் சொன்ன மருந்தையும் உணவையும் தயாரித்துக் கொடுத்தார். பெருநாள் தொழுகைக்குப் போகும்போது இவருக்குச் சுகமாகியிருந்தது, அல்ஹம்துலில்லாஹ். கையில் காசு தீர்ந்திருந்ததால் பயணச் செலவையும் உஸ்தாதே கொடுத்தார்.

1344 அளவில் புத்தளத்திலிருந்து அக்கரைக்குப் போய் மதுரைச் சுல்தானிடம் இருந்தபோது அங்கே கொள்ளைநோய். பிடித்தவர்கள் இரண்டு மூன்று நாளில் மௌத்தானார்கள். இவருக்கும் கடும் காய்ச்சல் வந்தது. இந்தத் தடவை பிடிவாதம் இல்லை. கிடைத்த மருந்தாகிய புளியைக் கரைத்துக் குடித்தார், சுகமானதும் அந்த ஊரை விட்டுப் போக அனுமதி கேட்டார். (பிள்ளைகளே, புளியைக் குடியுங்கள் என்று சொல்லவில்லை. வைத்தியரிடம் போங்கள்!) 21 வயதில் நோயை மதிக்காதவர், 40 வயதில் மதித்தார்.

1914 முதல் 1964 புயல் வரை தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல் ஓடியது. அந்தக் காலத்தில் வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் போன்ற மத்ரஸாக்களுக்கு இலங்கையிலிருந்து பலர் ஓதப் போனார்கள். அவர்களுக்கு நோய் வந்தால் வீட்டுக்குக் கடிதம் வந்து சேரவே நாளாகும். இன்று கையில் போன் இருக்கிறது. ஆனாலும் பிள்ளைகள் மறைக்கிறார்கள். சொன்னால் நாம் பதறுவோம், ஏசுவோம் என்ற பயம்தான் காரணம்.

பெற்றோரே, "என்ன நடந்தாலும் சொல்லு, ஏசமாட்டோம்" என்று அனுப்பும் முன்பே வாக்குக் கொடுங்கள். பிள்ளைகளே, போன முதல் கிழமையிலேயே காம்பஸ் மருத்துவ நிலையம் எங்கே, உங்கள் இன்ஷூரன்ஸ் எதற்கெல்லாம் உதவும் என்று கேட்டு வையுங்கள். வழக்கமாக எடுக்கும் மருந்து இருந்தால் வைத்தியரின் சீட்டையும் கொண்டு போங்கள். பக்கத்து அறையில் ஒருவரிடமாவது வீட்டு நம்பரைக் கொடுத்து வையுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர்ச் சகோதரர்களுக்கும் ஒன்று. ஜும்ஆவிலோ இஃப்தாரிலோ வழக்கமாக வரும் ஒரு மாணவன் இரண்டு நாள் காணவில்லையென்றால், தயவுசெய்து அவன் அறைக் கதவைத் தட்டுங்கள். இப்னு பதூதாவுக்கு ஒரு நூருத்தீன் இருந்தார். எங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள்தான்.