சரக்கு வேகன்களின் எழுத்தும் வண்ணமும்: திருவனந்தபுரம் பாதையை முன்வைத்து

திருவனந்தபுரத்து வலியசாலை, கல்வெட்டு படிப்போர் நன்கறிந்த இடம். முதலாம் ராஜராஜனின் மெய்க்கீர்த்தி குறிப்பிடும் காந்தளூர்ச்சாலை இதுவே என்று அறிஞர் பலர் கொள்வர். 'கலமறுத்த' என்ற ஒரு சொல்லுக்குப் பொருள் காண எழுதப்பட்ட கட்டுரைகளே ஒரு நூலகத் தட்டை நிரப்பும். அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவில் தம்பானூர் ரயில் நிலையம். அவ்வழியே ஏறத்தாழ நூறாண்டாக ஓடிவரும் சரக்கு வேகன்களின் பக்கங்களிலும் எழுத்துகள் உண்டு. ஆனால் அவற்றைச் சான்றாகக் கருதிப் படிக்கும் வழக்கம் நம் வரலாற்றுத் துறைகளில் வேரூன்றவில்லை.

செங்கோட்டை வழியாக 1904இல் கொல்லத்தை இணைத்த மீட்டர்கேஜ் பாதை, 1918இல் திருவனந்தபுரத்துச் சாக்கை வரையும் 1931இல் தம்பானூர் வரையும் நீண்டது. சமஸ்தான எல்லைக்குள் பாதை திருவிதாங்கூர் அரசின் உடைமை. வண்டிகளை இயக்கியதோ திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய ரயில்வே. மண்ணும் தண்டவாளமும் மன்னருடையவை, வேகனின் மேல் எழுதிய 'எஸ்.ஐ.ஆர்.' கம்பெனியுடையது. திருவிதாங்கூரின் இறையாண்மை எவ்வளவு, எதுவரை என்று விவாதிப்போர் திவான்களின் கடிதங்களோடு இம்மூன்று எழுத்துகளையும் சேர்த்துப் படிக்கலாம்.

இவ்வெழுத்துகளை அலங்காரம் என்று எண்ணுவது பிழை. ஒரு கம்பெனியின் வேகன் மற்றொரு கம்பெனியின் பாதையில் நின்றால், நின்ற நாளுக்கு வாடகை உண்டு. 1903இல் உருவான இந்திய ரயில்வே மாநாட்டுச் சங்கம் இத்தகைய பரிமாற்றத்துக்கு விதிகள் வகுத்தது. தென்னிந்திய ரயில்வேயும் மதராஸ் – தென் மராட்டா ரயில்வேயும் சந்தித்த ஜோலார்பேட்டை போன்ற இடங்களில், எந்த வேகன் யாருடையது என்பதே கணக்கின் முதல் வரி. பெயிண்டரின் தூரிகை எழுதியது ஒருவகையில் பேரேட்டுப் பதிவுதான். எடை, கொள்ளளவு, பழுதுபார்த்த பணிமனை, மீண்டும் பணிமனைக்குத் திரும்ப வேண்டிய தேதி ஆகியவற்றையும் வேகன் தன் உடம்பிலேயே சுமந்து திரிந்தது, இன்றும் சுமக்கிறது.

வண்ணத்தின் கதை இதைவிட எளியது. இந்தியச் சரக்கு வேகன் என்றதும் நினைவுக்கு வரும் செங்காவி, இரும்பு ஆக்சைடு கலந்த மலிவான பூச்சு. துருவைத் தடுக்கும்; துருப்பிடித்தாலும் எளிதில் தெரியாது. பிரிட்டனில் நிலைமை வேறாக இருந்தது. அங்கே நிலக்கரி முதலாளிகள் தங்கள் சொந்த வேகன்களில் பெயரைப் பெரிய எழுத்தில், பல வண்ணத்தில் தீட்டி ஊர் ஊராக விளம்பரம் செய்தனர். இரண்டாம் உலகப் போரும் 1948இன் நாட்டுடைமையும் அந்த வண்ணங்களுக்கு முடிவு கட்டின.

இங்கே தென்னிந்திய ரயில்வே 1944இல் அரசின் கைக்கு வந்தது. 1951 ஏப்ரல் 14இல் மதராஸ் – தென் மராட்டா, மைசூர் ரயில்வேக்களோடு இணைந்து தென்னக ரயில்வே ஆனது. கம்பெனியின் எழுத்துகள் போய் மண்டலத்தின் எழுத்துகள் வந்தன, ஆங்கிலத்திலும் தேவநாகரியிலும். நிலையப் பெயர்ப்பலகையில் மலையாளத்துக்கும் தமிழுக்கும் கிடைத்த இடம் வேகனில் கிடைக்கவில்லை. நாடெங்கும் சுற்றும் வண்டிக்கு அது இயல்பே எனலாம். ஆயினும், அவ்வெழுத்தை வாசிக்க வேண்டியவர் யார் என்று அரசு கருதியது என்பதும் அதில் பதிவாகிறது.

திருவனந்தபுரத்தைப் பொறுத்தவரை 1951ஐ விட 1976 பெரிய திருப்பம். அவ்வாண்டில் அகலப்பாதை வந்து சேரும்வரை, வடக்கே அகலப்பாதையில் ஏற்றிய எந்த வேகனும் இந்நகரத்துக்குள் நுழைய இயலாது. சரக்கு வழியில் எங்கோ மீட்டர்கேஜ் வேகனுக்கு மாற்றப்பட்டாக வேண்டும். அதன்பின் எந்த மண்டலத்தின் எழுத்தும் தம்பானூர் வரை வரலாம் என்றாயிற்று. அரிசிக்கும் மளிகைக்கும் வெளியூர்களை நம்பியிருக்கும் சாலைக் கடைவீதியின் வரலாற்றை எழுதுவோர், இந்த மாற்றத்தைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுக் கடந்துவிடக் கூடாது.

அடுத்த மாற்றம் வண்ணத்தில் வெளிப்பட்டது. 1988இல் நிறுவப்பட்ட கண்டெய்னர் கார்ப்பரேஷன் தன் பெயர் பொறித்த நீலப் பெட்டிகளைத் தட்டை வேகன்களில் ஏற்றியது. 2006இல் கண்டெய்னர் ரயில்களை இயக்கத் தனியாருக்கும் அனுமதி கிடைத்தது. ஆளுக்கொரு வண்ணம், ஆளுக்கொரு இலச்சினை. பிரிட்டன் கைவிட்ட விளம்பர வேகன் வேறு உருவில் இங்கே வந்து சேர்ந்தது. உண்மையான உடைமைக் குறி இதற்கிடையே எண்களுக்குள் ஒதுங்கிக்கொண்டது. இன்றைய வேகனின் பதினொரு இலக்க எண்ணில் முதல் இரண்டும் வகையைக் குறிக்கும். அடுத்த இரண்டு உரிமையாளரை – தென்னக ரயில்வேக்கு 06. பின் இரண்டு இலக்கம் கட்டிய ஆண்டு, நான்கு வரிசை எண், கடைசி ஒன்று சரிபார்ப்புக்கு. இலச்சினை பொதுமக்களுக்கு, எண் கணக்கருக்கு என்று எழுத்து இரண்டாகப் பிரிந்துவிட்டது.

சிக்கல் சான்றில் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பணிமனைக்குச் செல்லும் வேகன் புதுப் பூச்சோடு வெளிவரும். முந்தைய எழுத்து அதன் அடியில் புதைந்துபோகும். கல்வெட்டுக்கு மைப்படி உண்டு, ஓலைக்குப் பிரதி உண்டு. வேகனுக்குப் பணிமனைப் பதிவேடுகளும் ரயில் ஆர்வலர்களின் ஒளிப்படங்களுமே கதி. அவற்றிலும் பெரும்பாலான படங்களில் எஞ்சின்தான் நடுவில் நிற்கும்; வேகன்கள் படத்தின் ஓரத்தில், எழுத்துத் தெளிவின்றி வளைந்து போய்க்கொண்டிருக்கும்.