கள்ளும் மதுவரியும்: மட்டக்களப்பு வாவிக்கரைப் பொருளியல் வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

மது பற்றிய எமது எழுத்துக்கள் பெரும்பாலும் ஒழுக்கவியல் நோக்கிலேயே அமைந்துள்ளன. குடிப்பவனின் சீர்கேடு அவற்றிற் பேசப்படுகிறது. கள்ளிறக்குபவனின் உழைப்போ, அவ்வுழைப்பின் பயனைப் பெற்றோர் யாவர் என்ற வினாவோ பேசப்படுவதில்லை. மட்டக்களப்பு வாவியின் கரையில் நின்று அவ்வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடைய இவ்வாவியின் மேற்கே அமைந்த படுவான்கரை நெல் விளையும் நிலம். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான எழுவான்கரை தென்னைக்கு உரியது. 19ஆம் நூற்றாண்டிலே தென்னை இங்கு பெருந்தோட்டப் பயிராகவும் விரிவுற்றது. மரமும் நிலமும் தோட்டச் சொந்தக்காரருக்கு உரியனவாயின. மரமேறுபவரிடம் எஞ்சியவை பாளைக்கத்தியும் கைத்திறனுமே. உயிரைப் பணயம் வைத்து நாள்தோறும் பாளை சீவிய அவர்கள், சாதியமைப்பில் தாழ்த்தப்பட்டோராகவே வைக்கப்பட்டனர்.

ஈண்டு இங்கிலாந்தின் சைடரை ஒப்பிடுதல் பயனுடையது. அப்பிள் தோட்டமுள்ள குடும்பம், தனது அறுவடையை நசுக்கிப் பிழிந்து, பீப்பாயில் நொதிக்கவிட்டு, மாதக்கணக்கில் வீட்டில் வைத்திருக்கலாம். கள்ளின் இயல்பு வேறு. சுண்ணாம்பு தடவாத முட்டியில் விழும் பாளைச்சாறு மரத்திலேயே நொதிக்கத் தொடங்குகிறது. ஓரிரு நாட்களில் மிகப் புளித்து வினாகிரியாகும் வழியிற் செல்கிறது. எனவே கள்ளை அன்றன்றே விற்றாக வேண்டும்; அல்லது சாராயமாக வடித்தாக வேண்டும். வடிப்பதற்கு மூலதனம் தேவை. உழைப்பாளியின் கையிலிருந்து பண்டம் நழுவும் இடம் இதுவேயாகும்.

இவ்விடத்திலேதான் அரசும் குத்தகைகாரரும் நுழைந்தனர். ஒல்லாந்தர் காலத்துச் சாராயக் குத்தகை முறையை ஆங்கிலேயரும் தொடர்ந்தனர். விற்பனையுரிமை ஏலத்தில் விடப்பட்டது. இலங்கை முதலாளி வர்க்கத்தின் தொடக்ககால மூலதனத் திரட்சியில் இக்குத்தகை பெற்ற முக்கியத்துவத்தைக் குமாரி ஜயவர்த்தன 2000ஆம் ஆண்டில் வெளியான தமது நூலில் விரிவாக நிறுவியுள்ளார். 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் கள்ளையும் சாராயத்தையும் அரசின் இறுக்கமான கட்டுப்பாட்டின்கீழ்க் கொணர்ந்தது. அனுமதியின்றிக் கள்ளிறக்குவது குற்றமாயிற்று. தன் கைத்திறனைப் பயன்படுத்தவே தொழிலாளி பிறரது அனுமதியை வேண்டி நின்றான்.

இதே பிரித்தானிய அரசு 1763இல் தன் நாட்டுச் சைடருக்கு வரி விதித்திருந்தது. வரி அதிகாரிகள் வீடுகளுக்குள் நுழையக்கூடும் என்ற அச்சம் பெருங் கிளர்ச்சியை மூட்டியது. மூன்றே ஆண்டுகளில், 1766இல், அவ்வரி நீக்கப்பட்டது. அப்பிள் தோட்டக்காரருக்குப் பாராளுமன்றத்தில் குரல் இருந்தமையே காரணம். அங்கும் உழைப்பாளியின் நிலை வேறாக இருந்தது: பண்ணைத் தொழிலாளரின் கூலியில் ஒரு பகுதி சைடராகவே கொடுக்கப்பட்டது, 1887ஆம் ஆண்டுச் சட்டமே அதனைத் தடைசெய்தது. மட்டக்களப்பின் மரமேறுபவருக்கோ 1912இல் வாக்குரிமையே இருக்கவில்லை. சர்வசன வாக்குரிமை 1931இலேயே வந்தது.

1912இல் எழுந்த மதுவிலக்கு இயக்கம் ஏகாதிபத்திய எதிர்ப்புணர்வை வளர்த்தது என்பது மறுக்கவியலாதது. ஆயினும் சாராயத்தால் செல்வம் ஈட்டிய குடும்பங்களைச் சேர்ந்தோரும் அதன் முன்னணியில் நின்றனர் என்பது அவ்வியக்கத்தின் முரண்பாடாகும். தவறணையை மூடுமாறு கோரிய குரல்கள், மரமேறுபவரின் பிழைப்புக்கு மாற்று யாது என்பதை முதன்மை வினாவாக்கவில்லை. 1970களில் வடபகுதி மரமேறும் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களில் ஒன்றிணைந்தமை அவ்வினாவுக்கு உழைப்பாளர் தரப்பிலிருந்து எழுந்த விடைகளுள் ஒன்று எனலாம்.

ஆகவே கள்ளின் வரலாறு போதையின் வரலாறு மட்டுமன்று. மரம், சட்டம், மூலதனம் ஆகிய மூன்றும் எவர் கையில் இருந்தன என்பதன் வரலாறுமாகும். எழுவான்கரையின் தோட்ட உறுதிகள், மதுவரிப் பதிவுகள், மரமேறும் குடும்பங்களின் வாய்மொழிச் செய்திகள் ஆகியவற்றை ஒருசேர ஆராய்ந்து அவ்வரலாற்றை எழுதுதல் எமது ஆய்வாளர்முன் உள்ள பணியாகும்.