கல்லறையில் ஓர் உல்லாச மாளிகை: மெஹ்ரோலிக் காட்டில் மெட்காஃபின் வேடிக்கைக் கட்டடங்கள்

ஊரிலிருந்து உறவினர் யாராவது தில்லிக்கு வந்துவிட்டால், அவர்களுக்கு நாம் காட்டும் இடங்களுக்கு ஒரு வரிசை உண்டு. செங்கோட்டை, இந்தியா கேட், பிர்லா மந்திர், நம் மலை மந்திர், பிறகு குதுப் மினார். அங்கே இரும்புத் தூணைப் பார்த்து, மினாரின் உச்சி தெரியும்படி குடும்பத்தோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு வண்டி ஏறிவிடுகிறோம். அந்த வளாகத்தை ஒட்டித் தெற்கே சுமார் 200 ஏக்கரில் ஒரு காடு இருப்பதும், அதற்குள் நூற்றுக்கு மேற்பட்ட பழங்கட்டடங்கள் இருப்பதும் தில்லியில் முப்பது வருஷம் குடியிருந்தவர்களில் பலருக்கும் தெரியாது. மெஹ்ரோலி தொல்லியல் பூங்கா என்பது அதன் பெயர். காலை நடைக்கு வருகிறவர்களும், மயில் பார்க்க வருகிறவர்களும், புத்தகத்தோடு மர நிழல் தேடும் மாணவர்களும் அதைச் சொந்தத் தோட்டம் போல நேசிக்கிறார்கள். அந்தக் காட்டில் அதிகம் கவனிக்கப்படாத சில கட்டடங்களைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

ஃபாலி என்றால் என்ன?

ஆங்கிலத்தில் 'ஃபாலி' என்ற சொல்லுக்கு மடமை, அசட்டுத்தனம் என்று பொருள். கட்டடக் கலையில் அதற்கு வேறொரு பொருளும் உண்டு. குடியிருக்கவோ கும்பிடவோ காவல் காக்கவோ அல்லாமல், தூரத்திலிருந்து பார்த்தால் கண்ணுக்கு இதமாக இருக்க வேண்டும் என்பதற்காக மட்டுமே கட்டப்பட்ட கட்டடம் அது. வேடிக்கைக் கட்டடம் என்று நாம் சொல்லலாம். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பெரும் பண்ணைக்காரர்களுக்கு இது ஒரு மோகமாகவே இருந்தது. பாதி இடிந்த கோபுரம், கூரையில்லாத கோட்டை, கிரேக்கக் கோயில் போல ஒரு மண்டபம் என்று புதிதாகவே பழசைக் கட்டித் தோட்டத்தில் நிறுத்துவார்கள்.

இப்படி ஒரு ஃபாலியை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருக்கிறீர்கள். குதுப் வளாகத்துப் புல்வெளியில் தனியாக ஒரு சிவப்புக்கல் மண்டபம் தரையில் உட்கார்ந்திருக்கும். 1803ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் குதுப் மினாரின் உச்சிக் குடை விழுந்துவிட்டது. 1828இல் மினாரைப் பழுதுபார்த்த மேஜர் ராபர்ட் ஸ்மித் என்ற பொறியாளர், தம் மனத்துக்குப் பிடித்த மாதிரி வங்காளப் பாணியில் ஒரு புது மண்டபத்தை அதன் தலையில் வைத்தார். அது மினாருக்குப் பொருந்தவேயில்லை என்று பலரும் சிரித்தார்கள். 1848இல் கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்சின் உத்தரவுப்படி அதைக் கீழே இறக்கினார்கள். இன்றைக்கும் அதற்கு 'ஸ்மித்தின் ஃபாலி' என்றுதான் பெயர்.

ஸ்மித் செய்தது ஓர் அசட்டுத் தொப்பி என்று சிரித்துவிட்டுப் போகலாம். பக்கத்துக் காட்டில் இருப்பவற்றை அப்படிச் சிரித்துவிட்டுப் போக முடியாது.

யார் இந்த மெட்காஃப்?

சர் தாமஸ் தியோபிலஸ் மெட்காஃப் (1795-1853) பதினெட்டு வயதில், 1813இல், தில்லிக்கு வந்தவர். அப்போது இங்கே ரெசிடெண்டாக இருந்தவர் அவருடைய அண்ணன் சார்லஸ் மெட்காஃப். இருவரையும் ஒருவராக எண்ணிக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. தம்பி தாமஸ் தம் வாழ்நாளில் சுமார் நாற்பது வருஷத்தைத் தில்லியிலேயே கழித்தார். 1835இல் வில்லியம் ஃப்ரேசர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, மொகலாய தர்பாரில் கம்பெனியின் பிரதிநிதி என்ற பதவி இவருக்கு வந்தது. பட்டம் பாதுஷாவுடையது, அதிகாரமும் பணமும் கம்பெனியுடையது என்று ஆகிவிட்ட காலம் அது.

காஷ்மீரி கேட்டுக்கு வடக்கே யமுனைக் கரையில் அவர் ஒரு பெரிய மாளிகை கட்டிக்கொண்டார். மெட்காஃப் என்ற பெயர் ஜனங்கள் வாயில் நுழையாததால் அது 'மட்கா கோட்டி' ஆயிற்று. மட்கா என்றால் பானை! மனுஷர் மிகவும் கறாரான பேர்வழி. வேலைக்காரர்கள் மேல் கோபம் வந்தால் வெள்ளைத் தோல் கையுறைகளைக் கொண்டுவரச் சொல்லி, நிதானமாக மாட்டிக்கொண்டு, பிறகுதான் காதைத் திருகுவாராம். அவருடைய மகள் எமிலி எழுதிவைத்த நினைவுக் குறிப்புகளில் இந்த மாதிரிச் சங்கதிகள் நிறைய உண்டு.

பாதுஷா பகதூர் ஷா ஜாஃபர் மழைக்காலம் வந்தால் மெஹ்ரோலிக்குப் போய்விடுவார். அங்கே அவருடைய தந்தை இரண்டாம் அக்பர் ஷா கட்டிய அரண்மனை இருந்தது. பூ விசிறிகளை ஊர்வலமாக எடுத்துப் போய் பக்தியார் காக்கி தர்காவிலும் யோகமாயா கோயிலிலும் சமர்ப்பிக்கும் 'பூல் வாலோங் கி சைர்' திருவிழா அங்கேதான் நடக்கும். பாதுஷா போகிற இடத்தில் பாதுஷாவைக் கவனிக்கிறவரும் இருக்க வேண்டுமே! 1840களில் மெட்காஃபும் மெஹ்ரோலியில் ஓர் இடம் பார்த்தார்.

தில்குஷா

அவர் தேர்ந்தெடுத்தது வெற்று மனை அல்ல; ஒரு கல்லறை. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த முகம்மது குலி கானின் சமாதி மண்டபம் அது. அக்பரின் வளர்ப்புத் தாயான மாஹம் அங்காவின் மகன் அதம் கானுக்கு இந்தக் குலி கான் சகோதரர் என்று சொல்வார்கள். வெளியே எட்டுப் பட்டை, உள்ளே சாந்தில் செதுக்கிய எழுத்தும் பூவேலையும். மேட்டின் மேல் நின்று பார்த்தால் மரங்களுக்கு மேலே குதுப் மினார் முழுசாகத் தெரியும். அந்தக் காட்சிக்காகவே மெட்காஃப் இந்த இடத்தைப் பிடித்திருக்க வேண்டும்.

சமாதிக்கு இரண்டு பக்கமும் அறைகளைக் கட்டிச் சேர்த்தார். நடுவில் இருந்த மண்டபம் சாப்பாட்டுக் கூடம் ஆனது. வீட்டுக்குப் பெயர் 'தில்குஷா', அதாவது மனமகிழ்ச்சி. சுற்றிலும் இங்கிலாந்துப் பண்ணை மாதிரி ஒரு தோட்டம். அதற்காக லோதி காலத்துக் கட்டடம் ஒன்றைப் படகு வீடாக மாற்றி, எதிரே நீர் நிரப்பினார். புறாக்களுக்கு ஒரு கூடு. ஒரு மேட்டின் உச்சியில், உள்ளூர்ப் பாணியைப் பார்த்துச் செய்தாற்போல், தூண்களின் மேல் குவிமாடம் வைத்த சத்ரி. பூங்காவின் ஓரத்தில் பாபிலோனியப் படிக்கட்டுக் கோபுரங்களைப் போல இரண்டு கல் மேடுகள்: ஒன்று சதுரமாகப் படிப்படியாக உயர்வது, மற்றொன்று வட்டமாகச் சுருண்டு ஏறுவது. இரண்டிலும் ஏறிப் போய்ச் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. அதனால்தான் அவை ஃபாலி.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. இங்கிலாந்தில் நிஜமான இடிபாடு கிடைக்காதவன்தான் செயற்கை இடிபாடு கட்டினான். மெட்காஃபுக்கு அந்தக் குறையே இல்லை. அவர் வீட்டைச் சுற்றி எங்கு திரும்பினாலும் நிஜம்: சுமார் 1287இல் எழுந்த, இந்தியாவில் முறையான வில்வளைவு அமைந்த முதல் கட்டடம் என்று சொல்லப்படும் பால்பனின் சமாதி, 1506இல் கட்டிய ராஜோன் கி பாவ்லி என்ற படிக்கிணறு, 1528-29இல் தொடங்கிய ஜமாலி கமாலி மசூதி. பல நூற்றாண்டுகள் கையெட்டும் தூரத்தில் கிடந்தன. அவற்றை அவர் தோட்டத்துக்குப் பின்னணித் திரையாக வைத்துக்கொண்டு, நடுவில் தம் பொம்மைகளை நிறுத்தினார். நிஜக் கல்லறை வீடாயிற்று. பொய்க் கோபுரம் வரலாறாக வேஷம் போட்டது.

ஒரு குளிர்கால ஞாயிறு நாங்கள் நாலைந்து குடும்பமாக இங்கே போயிருந்தோம். குலி கான் சமாதியில் நின்று இந்தக் கதையைச் சொன்னதும், கூட வந்த பாட்டி ஒருவர், "ஐயையோ, சமாதியிலயா உக்காந்து சாப்பிட்டான்? அவனுக்கு எப்படிச் சோறு இறங்கிச்சு?" என்று கேட்டுவிட்டார். பிள்ளைகள் சிரித்தார்கள். ஆனால் அந்தக் காலத்து வரலாற்றில் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். அடுத்தவர் பாட்டனாரின் சமாதியில் விருந்து வைக்கலாம் என்று ஒருவருக்குத் தோன்ற வேண்டுமானால், அந்த ஊர் ஏற்கெனவே செத்துவிட்டது என்று அவர் முடிவுகட்டியிருக்க வேண்டும்.

மெட்காஃப் ஒருவர் மட்டும் இப்படிச் செய்யவில்லை. மெஹ்ரோலியில் அதம் கானின் சமாதியையும் 1830களில் ஓர் ஆங்கில அதிகாரி வீடாக்கிக்கொண்டார். பிற்பாடு அது விருந்தினர் விடுதியாகவும் போலீஸ் தாணாவாகவும்கூட இருந்தது.

மூன்று கல்லறைகள்

1847-48இல் பகதூர் ஷா ஜாஃபர் தம் மெஹ்ரோலி அரண்மனைக்கு யானை நுழையும் அளவு உயரமான வாசல் ஒன்றைக் கட்டினார். ஜாஃபர் மஹல் என்று இன்று நாம் சொல்வது அதைத்தான். மெட்காஃப் தில்குஷாவில் தோட்டம் போட்டதும் ஏறக்குறைய அதே வருஷங்களில்; இரண்டுக்கும் இடையே நடந்தே போகிற தூரம். அரண்மனையை ஒட்டித் தம் முன்னோர் அடங்கியிருக்கும் சிறு முற்றத்தில், தமக்கென்று ஓரிடத்தையும் பாதுஷா ஒதுக்கி வைத்தார்.

1852இல் பட்டத்து இளவரசர் மிர்ஸா ஃபக்ருவோடு மெட்காஃப் ஓர் உடன்படிக்கை செய்தார். ஜாஃபரின் காலத்துக்குப் பிறகு அரச குடும்பம் செங்கோட்டையைக் காலி செய்துவிட்டு மெஹ்ரோலிக்குப் போய்விட வேண்டும் என்பது அதன் சாரம். அடுத்த வருஷம், 1853 நவம்பரில், மெட்காஃப் இறந்தார். விஷம் வைத்துவிட்டார்கள் என்று அவர் குடும்பம் நம்பியது, யாரும் நிரூபிக்கவில்லை. 1857 வந்தது. மட்கா கோட்டி சூறையாடப்பட்டது. பாதுஷா கைதியாகி ரங்கூனுக்கு அனுப்பப்பட்டு, 1862 நவம்பர் 7ஆம் தேதி அங்கேயே இறந்தார்.

கணக்குப் பார்த்தால் மனசு கனத்துப் போகிறது. குலி கானுக்குக் கல்லறை இருந்தது, அதில் வேறொருவர் குடியேறினார். குடியேறியவருக்குக் காஷ்மீரி கேட் செயின்ட் ஜேம்ஸ் தேவாலயத்தில் முறையான கல்லறை கிடைத்தது. பாதுஷாவுக்குத் தாமே தேர்ந்தெடுத்த ஆறடி நிலம்கூடக் கிடைக்கவில்லை. மெஹ்ரோலியில் அந்த இடம் இன்றும் காலியாக இருக்கிறது.

இவற்றை ஏன் காப்பாற்ற வேண்டும்?

"வெள்ளைக்காரன் கட்டின பொம்மைதானே, போனால் போகட்டும்" என்று தோன்றுவது இயல்பே. ஃபாலிகளின் கஷ்டமும் அதுதான். மசூதி என்றால் தொழ வருவார்கள், கோயில் என்றால் விளக்கேற்றுவார்கள், சுல்தான் சமாதி என்றால் டிக்கெட் போடுவார்கள். வேடிக்கைக் கட்டடத்துக்கு வாதாட ஆள் கிடையாது. 1997இல் தொடங்கி இன்டாக் அமைப்பு இந்தப் பூங்காவில் மராமத்து செய்து, பாதை போட்டு, விளக்கக் கற்களும் நட்டது. ஆனால் முள் வளரும் வேகத்துக்குப் பராமரிப்பு ஈடுகொடுப்பதில்லை. கட்டடங்களைச் சுற்றி மண்டிக் கிடக்கும் 'விலாயதி கீகர்' வேறொன்றுமில்லை, ராமநாதபுரம் பக்கம் நம்மைப் பாடாய்ப் படுத்தும் சீமைக் கருவேலம்தான்! மெட்காஃப் காலத்தில் அது இந்தியாவுக்கே வந்திருக்கவில்லை. காட்டில் பெரும்பகுதியே கட்டடங்களுக்குப் பிந்தியது.

என் பார்வையில் இந்தக் கட்டடங்கள் ஒரு சாட்சி. கம்பெனி ஆட்சியின் கடைசிப் பத்தாண்டுகளில் ஆண்டவர்கள் தில்லியை எப்படிப் பார்த்தார்கள் என்பதை எந்தக் கடிதத்தையும்விட இந்தக் கற்கள் பச்சையாகச் சொல்கின்றன. அதே மெட்காஃப்தான் மஸ்ஹர் அலி கான் என்ற தில்லி ஓவியரைக் கொண்டு ஊரின் கட்டடங்களை வரையச் செய்து, 1844இல் ஒரு தொகுப்பாக மகளுக்குக் கொடுத்தார். 1857க்கு முந்தைய தில்லியின் முகத்தை அறிய இன்று நமக்கு அது பெரிய ஆதாரம். ஒரே மனிதர் ஒரு கையால் பதிவு செய்தார், மறு கையால் கல்லறையை மாற்றினார். இடித்துவிட்டால் இந்த முரண்பாட்டைப் பிள்ளைகளுக்கு எதைக் காட்டிச் சொல்வது?

இடிவது வெறும் பயம் அல்ல. 1999இல் இன்டாக் வெளியிட்ட பட்டியலில் தில்லியின் பழங்கட்டடங்கள் 1,200க்கும் மேல். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை அவற்றில் ஒரு சிறு பகுதி மட்டுமே. மெஹ்ரோலிக்குப் பக்கத்திலேயே சஞ்சய் வனத்தில் இருந்த அகோன்ஜி மசூதி 2024 ஜனவரி 30ஆம் தேதி அதிகாலை, காட்டு நிலத்தில் உள்ள ஆக்கிரமிப்பு என்று சொல்லி இடிக்கப்பட்டது. அது பழையது என்பதற்கு ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக் காட்டியது, தொல்லியல் துறை 1922இல் அச்சிட்ட ஒரு பட்டியலைத்தான். ஹிஜ்ரி 1270இல், அதாவது 1853-54இல், அந்த மசூதி பழுதுபார்க்கப்பட்டதாக அதில் பதிவு இருக்கிறது. கட்டடம் போன பிறகு மிஞ்சியது அந்தப் பதிவு மட்டுமே.

ஆகவே, நவம்பர் முதல் மார்ச் வரை ஏதாவது ஒரு ஞாயிறு காலை, குதுப் மினார் மெட்ரோ நிலையத்தில் இறங்கி ஜமாலி கமாலி வாசல் வழியாக உள்ளே போய்ப் பாருங்கள். நல்ல செருப்பும் தண்ணீரும் எடுத்துக்கொண்டால் இரண்டு, மூன்று மணி நேரம் போவதே தெரியாது. குலி கான் சமாதி, சத்ரி, படகு வீடு, படிக் கோபுரங்கள் என்று ஒவ்வொன்றையும் பிள்ளைகள் கைபேசியில் படம் எடுக்கட்டும். சுவரில் பெயர் எழுத வேண்டாம். எடுத்த படத்துக்கு அடியில் இடத்தின் பெயரையும் தேதியையும் மட்டும் எழுதிப் பத்திரமாக வையுங்கள். நூறு வருஷம் கழித்து யாராவது, "இது இங்கே இருந்ததா?" என்று கேட்டால், பதில் சொல்ல அது போதும்.