கட்டுமான விபத்து இழப்பீடும் காப்பீடும்: தருமபுரி மாவட்டம்

கட்டுமான விபத்து இழப்பீடு என்பது வேலையின்போது, வேலையின் காரணமாகக் காயமடைந்த தொழிலாளிக்கோ, இறந்தவரின் குடும்பத்துக்கோ வேலையளிப்பவர் சட்டப்படி தரவேண்டிய தொகை. தருமபுரி மாவட்டத்தின் பென்னாகரம், பாலக்கோடு, அரூர் முதலிய வட்டங்களிலிருந்து கொத்தனார்களும் சித்தாள்களும் கம்பி கட்டுவோரும் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். அதனால் இம்மாவட்டக் குடும்பங்கள் இச்சட்டத்தை அறிந்திருப்பது இன்றியமையாதது.

சட்டமும் பொறுப்பும்

இழப்பீட்டுக்கு அடித்தளமாக இருந்தது 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். இதன் விதிகள் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் சேர்க்கப்பட்டன. அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. வேலையளிப்பவர் தவறு செய்தார் என்று தொழிலாளி மெய்ப்பிக்க வேண்டியதில்லை. மேஸ்திரியோ ஒப்பந்தக்காரரோ ஆள் சேர்த்திருந்தாலும், தன் தொழிலின் ஒரு பகுதியை அவரிடம் ஒப்படைத்த கட்டுமான நிறுவனமே முதன்மைப் பொறுப்பாளி. உரிய தொகையை ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் 12 விழுக்காடு வட்டி சேரும். தாமதத்துக்குத் தக்க காரணம் இல்லையேல் 50 விழுக்காடு வரை தண்டத்தொகையும் உண்டு.

காப்பீட்டு வழிகள்

பத்து பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும், தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம் (ஈ.எஸ்.ஐ.) நடைமுறையில் உள்ள இடங்களில், மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோரை அத்திட்டத்தில் பதிய வேண்டும். வேலையளிப்பவர் ஊதியத்தில் 3.25 விழுக்காடும் தொழிலாளி 0.75 விழுக்காடும் செலுத்துகிறார்கள். பணிவிபத்தால் உடல் ஊனமுற்றோருக்கு ஊதியத்தில் 90 விழுக்காடு வரை உதவித்தொகை கிடைக்கும். இத்திட்டத்துக்கு உட்பட்டவர் அதே காயத்துக்கு வேலையளிப்பவரிடம் தனியே இழப்பீடு கோர முடியாது.

ஈ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்காக வேலையளிப்பவர்கள் இழப்பீட்டுக் காப்பீட்டுப் பாலிசி எடுப்பது வழக்கம். பாலிசி இல்லை என்பது பொறுப்பிலிருந்து விலக்களிக்காது.

தொகைக் கணக்கு

இறப்புக்கு மாத ஊதியத்தில் பாதியையும், நிரந்தர முழு ஊனத்துக்கு 60 விழுக்காட்டையும் வயதுக்கான காரணியால் பெருக்குவார்கள். கணக்குக்கான ஊதிய உச்சவரம்பு 2020 ஜனவரியில் 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அந்த ஊதியம் பெற்ற 30 வயதுத் தொழிலாளி இறந்தால், காரணி 207.98, எனவே இழப்பீடு 15,59,850 ரூபாய்.

நலவாரியம்

தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் 1994இல் அமைந்தது. கட்டுமானச் செலவில் 1 விழுக்காடாக வசூலாகும் நலவரி இதன் நிதி ஆதாரம். பதிவு பெற்றவர்களுக்கு வாரியம் தரும் விபத்து உதவி, இழப்பீட்டுக்கு மாற்று அல்ல; இரண்டையும் கோரலாம்.

கோரும் முறை

விபத்து பெங்களூரில் நேர்ந்தாலும், தொழிலாளியோ குடும்பமோ வழக்கமாக வாழும் பகுதிக்குரிய தொழிலாளர் இழப்பீட்டு அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். தருமபுரிக் குடும்பம் கர்நாடகத்துக்கு அலைய வேண்டியதில்லை. மருத்துவமனை விபத்துப் பதிவேட்டு நகல், முதல் தகவல் அறிக்கை, கூலி பெற்றதற்கான சான்று, இறப்பு நேர்ந்திருந்தால் உடற்கூறு அறிக்கை ஆகியவற்றைத் திரட்டி வைக்க வேண்டும். கோரிக்கையை இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்வது அவசியம். மேஸ்திரி கையில் தரும் சிறு தொகையை வாங்கிக்கொண்டு வெற்றுத்தாளில் கையெழுத்திட்டுவிடாமல், குடும்பத்தினர் முதலில் தொழிலாளர் துறை அலுவலகத்தை அணுக வேண்டும்.