ஒரு மாத்திரையின் வரலாறு

1960ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலே பீற்றர் நோவெல், டேவிட் ஹங்கர்போர்ட் என்னும் ஆய்வாளர் இருவர், வெண்குருதிப் புற்றுநோயின் நாட்பட்ட வகையொன்றால் வருந்தியோரின் கலங்களில் ஒரு நிறமூர்த்தம் குறுகியிருக்கக் கண்டனர். அக்குறுக்கத்தின் காரணம் பதின்மூன்று ஆண்டுகளின் பின்னரே தெரியவந்தது. ஒன்பதாம், இருபத்திரண்டாம் நிறமூர்த்தங்கள் தம்முள் துண்டுகளை மாற்றிக்கொண்டிருந்தன எனச் சிக்காகோவின் ஜெனற் ரௌலி அம்மையார் 1973இல் காட்டினார். அம்மாற்றத்தால் முறைதவறிய நொதியம் ஒன்று பிறக்கின்றது என்பது 1980களில் தெளிவாயிற்று.

இந்நொதியம் செய்யும் கேடு யாது? கலம் எப்போது பெருகவேண்டும், எப்போது ஓயவேண்டும் என்பதை அறிவிக்க உடலிலே ஒரு செய்தித் தொடர் உண்டு. ஒரு நொதியம் அடுத்த புரதத்தின்மேல் பொசுபேற்றினை ஏற்ற, அது மற்றொன்றை எழுப்ப, செய்தி கருவரை செல்லும். குளத்து நீரை நம்பி வயல் விதைக்கும் வன்னி மக்களுக்கு இதனை விளக்குதல் எளிது. துருசு வேண்டும்போது திறக்கவும் போதுமானபோது மூடவும் அமைந்தது. இந்நோயிலோ அது திறந்தபடியே இறுகிவிடுகின்றது. வெண்கலங்கள் கட்டின்றிப் பெருகுகின்றன. பழைய மருந்துகள் பெருகும் கலங்களை நல்லது தீயது பாராது தாக்கின. ஆனால், பொசுபேற்றைத் தரும் பொருள் வந்து தங்கும் குழியிலே வேறொரு பொருளை அமரச்செய்தால், அந்த ஒரு துருசு மட்டும் அடைபடுமன்றோ?

சுவிற்சர்லாந்தின் பாசல் நகர மருந்துக் கம்பனியொன்றில் நிக்கலஸ் லைடனும் அவர்தம் குழுவினரும் அத்தகைய பொருளை ஆக்கினர். அமெரிக்க வைத்தியர் பிறையன் துறுக்கர் அதனைச் சோதித்தார். நோயாளர் தொகை சிறிதாதலின் கம்பனி முதலில் தயங்கிற்று. வணிகக் கணக்கு அத்தகையது. 1998 யூன் மாதத்தில் மனிதரிடத்துச் சோதனை தொடங்கியது. முந்திய சிகிச்சை பயன்தராத நோயாளருள், நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் அல்லது அதற்கு மேற்பட்ட அளவைப் பெற்ற 54 பேரில் 53 பேரின் குருதிக் கணக்கு இயல்புநிலைக்கு மீண்டது. 2001 மே மாதத்தில் அமெரிக்க அரசு இமாற்றினிப் என்னும் இம்மருந்துக்கு அனுமதி வழங்கிற்று.

எனினும் இது சில நாள் உண்டு நிறுத்தும் மருந்தன்று. பெரும்பாலோர் பல்லாண்டு நாள்தோறும் உட்கொள்ளவேண்டும். ஆதலின் மாதச் செலவே உயிர்ப்பிரச்சினையாயிற்று. அக்காலத்தில் இந்தியாவில் அம்மருந்தின் விலை மாதம் ஏறக்குறைய 1,20,000 ரூபாவாக இருந்தது. உள்நாட்டுக் கம்பனிகள் செய்த அதே மருந்தோ பத்தாயிரத்துக்குட்பட்டதாயிருந்தது. வறியோர் பலருக்கு இலவசமாகக் கொடுப்பதாகக் கம்பனி கூறியது உண்மையே. ஆயினும் கொடையை நிறுத்தும் உரிமை கொடுப்பவரிடமே இருக்கும்.

மருந்தின் ஒரு பளிங்கு வடிவத்துக்குக் காப்புரிமை கோரி நோவாட்டிஸ் கம்பனி 1998இல் சென்னையில் விண்ணப்பித்திருந்தது. மும்பையின் புற்றுநோயாளர் உதவிச் சங்கம் எதிர்த்தது. தெரிந்த பொருளின் புதுவடிவம் கூடிய பயனைத் தந்தாலன்றிப் புதுக்கண்டுபிடிப்பு ஆகாது என்னும் சட்டப்பிரிவைக் கொண்டு, 2006 சனவரியில் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. அப்பிரிவே செல்லாது என்ற கம்பனியின் வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007 ஓகத்தில் தள்ளியது. இறுதியாக 2013 ஏப்பிரல் 1ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புதுவடிவம் உடலில் நூற்றுக்கு முப்பது கூடுதலாகச் சேருகின்றது என்பது கம்பனியின் வாதம். அதனால் மட்டும் நோய் தீர்க்கும் ஆற்றல் கூடிற்று என்பது நிறுவப்படவில்லை என நீதியரசர்கள் அப்தாப் ஆலமும் ரஞ்சனா தேசாயும் கூறி, காப்புரிமையை மறுத்தனர்.