கணப்பருகே வாசித்த கதை

குளிர்காலத்தில் வாசிக்கத்தக்க நாவல்கள் எவை என நம்மிடம் வினவும் அன்பர்கள் ஆண்டுதோறும் உளர். நீண்ட பட்டியல் தருவதினும் ஒரு நூலைச் சுட்டி, அது பிறந்த வரலாற்றை உரைப்பதே நலம் எனக் கருதுகிறோம். சார்லஸ் டிக்கன்ஸ் 1843ஆம் ஆண்டில் எழுதிய 'எ கிறிஸ்துமஸ் கேரல்' என்னும் குறுநாவலே அது.

டிசம்பர் மாதத்தில் இலண்டன் மாநகரில் மாலை 4 மணிக்கு முன்னரே கதிரவன் மறைந்துவிடுவான். நீண்ட இரவில் குடும்பத்தார் கணப்பைச் சூழ்ந்தமர, ஒருவர் உரக்க வாசிக்க, ஏனையோர் செவிமடுப்பர். பேய்க்கதைகள் அவ்விரவுகளுக்கே உரியவை. ஆனால் அதே நகரில் கணப்பில்லாத இல்லங்களும், இல்லமே இல்லாத சிறுவரும் அந்நாளில் மிகப் பலர்.

தொழிற்கூடங்களில் உழைக்கும் சிறாரின் நிலையை ஆராய்ந்த அரசு ஆணைக்குழுவின் இரண்டாம் அறிக்கை 1843இல் வெளிவந்தது. அதனைக் கண்ட டிக்கன்ஸ் துடித்துப்போனார். தந்தை கடனுக்காக மார்ஷல்சீ சிறையில் அடைபட்ட 1824இல், 12 வயதுச் சிறுவனாகக் காலணி மைத் தொழிற்கூடமொன்றில் சாடிகளுக்குச் சீட்டு ஒட்டியவர் அல்லவா அவர்! ஏழைச் சிறாருக்காக ஆங்கில மக்களிடம் முறையிடும் சிறு வெளியீடு ஒன்றை எழுதவே முதலில் எண்ணினார். சில நாள்களில் அதனைக் கைவிட்டு, ஆண்டிறுதியில் அதைவிடப் பன்மடங்கு வலிய அடி ஒன்று விழும் என ஆணைக்குழுவைச் சேர்ந்த நண்பருக்கு எழுதினார்.

செப்டம்பரில், பீல்டு லேன் பகுதியில் கந்தலுடுத்த சிறுவருக்கென நடந்த இலவசப் பள்ளியை நேரில் கண்டார். அக்டோபரில் எழுதத் தொடங்கி ஆறு வாரங்களில் நாவலை முடித்தார். டிசம்பர் 19ஆம் நாள் வெளிவந்த 6,000 படிகளும் விழாவுக்கு முன்பே விற்றுத் தீர்ந்தன.

கருமி ஸ்குரூஜ் ஓர் இரவில் மனம் மாறுவதே கதை. அதில் நம்மை நிறுத்தும் காட்சி ஒன்றுண்டு. விழாவின் ஆவி தன் அங்கியை விலக்க, எலும்பும் தோலுமான இரு குழந்தைகள் தென்படுகின்றனர். ஒன்று அறியாமை, மற்றொன்று வறுமை. ஆணைக்குழு எண்ணிக்கையாகக் கண்ட சிறார் இங்கே முகம் பெற்று நிற்கின்றனர்.

நூலின் விலையோ 5 ஷில்லிங். கதையில் வரும் எழுத்தர் பாப் கிராட்சிட்டின் வாரச் சம்பளம் 15 ஷில்லிங். தம் கதையை வாங்க அவர் வாரக் கூலியில் மூன்றிலொரு பங்கைத் தரவேண்டும்! இம்முரண் டிக்கன்சையும் உறுத்தியிருக்கலாம். 1853 டிசம்பரில் பர்மிங்காம் நகரில் இந்நாவலைத் தாமே மேடையில் வாசித்தபோது, தொழிலாளருக்கெனத் தனியே ஒரு மாலையைக் குறைந்த கட்டணத்தில் ஒதுக்கச் செய்தார்.

இவ்வரலாறு நமக்கும் ஒரு பாடம். ஏழைகளைப் பற்றிய புள்ளிவிவரங்களை மறையுரையில் நாம் அடுக்கிய ஞாயிறு ஒன்றுண்டு. கோவிலில் இருமல் ஒலியன்றி வேறொன்றும் எழவில்லை. பிறிதோர் ஆண்டு, திருவருகைக் காலத்தில், பாப் கிராட்சிட்டின் ஊனமுற்ற மகன் டிம்மின் கதையைச் சொன்னோம். கோவிலில் தன்னைக் காண்போர், முடவரை நடக்கச் செய்தவரை அவ்விழா நாளில் நினைப்பார்களே என மகிழ்ந்த சிறுவன் அவன். நேரமின்மையால் கதையின் முடிவை உரைக்க இயலவில்லை. திருப்பலி முடிந்ததும் மூதாட்டி ஒருவர் நம்மைத் தேடி வந்தார்.

"சாமி, அந்தப் புள்ள பொழச்சானா?"

"பிழைத்தான், அம்மா. ஒருவர் மனம் மாறினார், அதனால் பிழைத்தான்" என்றோம்.

அவர் அறிக்கைகள் எவற்றையும் படித்தவரல்லர். ஆயினும் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டுவிட்டார். நம் தெருவிலும் டிம் உண்டு. அவன் பிழைப்பானா என்பதற்கு விடை நம்மிடமே உள்ளது.

ஆகவே அன்பர்களே, இக்குளிர்காலத்தில் இந்நூலைத் தனியே வாசித்து மூடிவிடாதீர்கள். இரவுணவுக்குப்பின் பிள்ளைகளையும் முதியோரையும் அமரச் செய்து உரக்க வாசியுங்கள். சில மாலைகளே போதும்.