மெட்டாசெகோயா

மெட்டாசெகோயா, நடுச் சீன மலைப்பள்ளத்தாக்குகளைத் தாயகமாகக் கொண்ட ஊசியிலை மரம். பைனும் தேவதாருவும் ஆண்டு முழுக்கப் பசுமையாக நிற்க, இதுவோ இலையுதிர்காலத்தில் செம்புநிறமாகிக் குளிர்காலத்தில் மொட்டையாக நிற்கும். குளிர்நாட்டுப் பூங்காக்களிலும் சாலையோரங்களிலும் அழகுக்காக வளர்க்கப்படுகிறது.

அறிவியல் இதை முதலில் கல்லில்தான் கண்டது. ஜப்பானியத் தொல்தாவரவியலாளர் ஷிகெரு மிகி, செகோயா, டாக்சோடியம் ஆகிய மரப் பேரினங்களைச் சேர்ந்தவை என்று கருதப்பட்டுவந்த புதைபடிவங்கள் சிலவற்றில் இலைகள் எதிரெதிராக அமைந்திருப்பதைக் கவனித்து, 1941-இல் மெட்டாசெகோயா என்ற புதிய பேரினத்தை அறிவித்தார். அது அழிந்துபோன மரம் என்றே நம்பப்பட்டது. அதே ஆண்டு சீன வனவியலாளர் கான் துவோ, மோதாவ்சி என்ற சிற்றூரில் (இன்றைய ஹூபெய் மாகாணம்) ஒரு பெருமரத்தைப் பார்த்தார். அதன் அடியில் சிறு கோயில் இருந்தது. ஊரார் அந்த மரத்தை ‘ஷுய்ஷான்’ என்றார்கள். ‘ஷுய்’ என்றால் நீர். 1943-இல் வனவியலாளர் வாங் ஜான் அந்த மரத்தின் மாதிரிகளைச் சேகரித்தார். 1946-இல் தாவரவியலாளர் ஹூ சியான்சு அவற்றை மிகியின் புதைபடிவங்களோடு பொருத்தினார். 1948-இல் அவரும் சக தாவரவியலாளர் ஜெங் வான்ஜுனும் அறிவியல் பெயர் சூட்டினர். இதைக் கண்டுபிடிப்பு என்று நூல்கள் எழுதுகின்றன. ஆனால் தினமும் அதன் நிழலில் நடந்தவர்களுக்கு அந்த மரம் ஒருநாளும் காணாமல் போகவில்லை.

தோட்டங்களுக்கு இது பரவிய வேகம் வியப்பூட்டுவது. அமெரிக்காவின் ஆர்னால்ட் தாவரப் பூங்காவைச் சேர்ந்த எல்மர் மெரில், விதை சேகரிப்புக்காக 1947-இல் 250 டாலர் அனுப்பினார். 1948 ஜனவரியில் பாஸ்டனிலுள்ள அந்தப் பூங்காவுக்கு விதை வந்துசேர்ந்தது. அங்கிருந்து பல நாட்டுப் பூங்காக்களுக்குப் பொட்டலம் பொட்டலமாகப் போனது. இத்தனை சிறு தொகை ஒரு மரத்தின் விதியை மாற்றியதற்கு வேறு உதாரணம் சொல்வது கடினம்.

ஒரு கிளைக்குச்சியைக் கையில் எடுத்தால் மரத்தை அடையாளம் கண்டுவிடலாம். மென்மையான தட்டை ஊசிகள் இருபுறமும் இணையிணையாக, இறகுபோல அடுக்கியிருக்கும். இதைப் போலவே இலையுதிர்க்கும் டாக்சோடியத்தில் அவை மாறிமாறி அமையும். உதிரும்போது ஊசிகள் தனித்தனியாக விழாமல் குச்சியோடு சேர்ந்தே விழும். அடிமரம் பருத்து வரிவரியாக இருக்கும். கிளை பிறக்கும் இடத்துக்குக் கீழே அக்குள் போன்ற குழி விழும். குளிர்காலத்தில் இந்த உருவம் முழுதாகத் தெரியும். தோட்ட மரமாக இதன் தனிச்சிறப்பு அதுதான் என்பேன். பழக்கமில்லாதவர்கள் பட்டுப்போனதென்று எண்ணி வெட்டிவிடுவதும் உண்டு.

நல்ல வெயிலும் ஈரம் தங்கும் மண்ணும் வேண்டும். குச்சியை நட்டாலே வேர்விடும். மளமளவென வளர்ந்து 30 மீட்டரைத் தாண்டும். ஆகவே வீட்டு முற்றத்துக்கு ஆகாது. ஜப்பானின் மகினோவில் சுமார் 500 மரங்கள் 2.4 கிலோமீட்டர் சாலையின் இருபுறமும் நிற்கின்றன. தென்கொரியாவின் தம்யாங் சாலையும் பெயர்பெற்றது. பொன்னிற இலைகொண்ட ‘கோல்டு ரஷ்’ வகை ஜப்பானிலிருந்து வந்தது.

ஆனால் தனித்து நிற்கும் தோட்ட மரம் தன் மகரந்தத்தாலேயே கருவுறுவதால் பெரும்பாலும் சொத்தை விதைகளையே தரும். தாயகத்திலும் இளங்கன்றுகள் அரிது. மரங்களைச் சுற்றியிருந்த காடு வயலாகிவிட்டது. அங்கே எஞ்சியுள்ள முதுமரங்கள் ஐயாயிரத்துச் சொச்சம். அவற்றை எண்ணிட்டுக் காத்துவருகிறார்கள்.